களைத்த பிறகு எந்தக் கால் முதலில் தளர்கிறது?

வாசகர் கேள்வி – பதில்: விளையாட்டும் உடலும்

விளையாடுபவர்களின் இடது, வலது பக்கங்களுக்கு இடையே உள்ள வலிமை வேறுபாட்டையும், உடல் களைக்கும்போது அந்த வேறுபாடு என்ன ஆகிறது என்பதையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பெண்கள் கபடி அணிக்குப் பயிற்சி அளிக்கிறேன். ஒரு மாணவி பயிற்சியின் தொடக்கத்தில் இரண்டு கால்களையும் ஒன்றுபோலவே பயன்படுத்துகிறாள். ஒரு மணி நேரம் ஆனதும் இடது காலில் இறங்கும்போது மட்டும் முழங்கால் உள்பக்கமாக மடங்குகிறது. களைப்பு உடல் முழுவதற்கும் பொதுவானதுதானே? ஒரு பக்கத்தை மட்டும் ஏன் தாக்குகிறது?
— கபடிப் பயிற்சியாளர், ஒட்டன்சத்திரம்

பதில்: களைப்பு பொதுவானதுதான். ஆனால் அதைத் தாங்கும் வலிமை இரண்டு கால்களுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். மாணவியின் வலது கால் அதிகபட்சமாக 100 அலகு விசை தரும், இடது கால் 85 அலகு தரும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை இறங்கவும் திரும்பவும் 60 அலகு தேவைப்பட்டால், வலது கால் தன் திறனில் 60 விழுக்காட்டில் வேலை செய்கிறது. இடது காலோ ஏறத்தாழ 71 விழுக்காட்டில் வேலை செய்கிறது. முதல் பத்து ரெய்டுகளில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, ஏனெனில் இரண்டு கால்களிலும் கையிருப்பு மீதமிருக்கிறது. தன் உச்சத்துக்கு நெருக்கமாக வேலை செய்யும் தசையே விரைவில் களைக்கும் என்பதால், இடது காலின் கையிருப்பு முதலில் தீர்கிறது. நீங்கள் பார்க்கும் முழங்கால் மடங்கல் அதன் வெளித்தோற்றமாக இருக்கலாம்.

களைப்பில் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. முதலாவது தசைக்குள் நடப்பது: தொடர்ந்து சுருங்கும் தசையிழைகளில் பாஸ்பேட் போன்ற கழிவுகள் சேர்கின்றன, சுருங்குவதற்குத் தேவையான கால்சியம் வெளியிடப்படுவது குறைகிறது, தசையில் சேமித்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜனின் இருப்பு இறங்குகிறது. இரண்டாவது நரம்பு மண்டலத்தில் நடப்பது: மூளையும் தண்டுவடமும் தசைக்கு அனுப்பும் கட்டளையின் வலிமை குறைகிறது, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று உடல் உணரும் நுட்பமும் மங்குகிறது. முழங்கால் உள்பக்கமாக மடங்குவதைத் தடுப்பதில் இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவை சரியான நேரத்தில் இயங்க இந்த உணர்வு வேண்டும். ஆகவே உங்கள் மாணவியின் முழங்காலை மட்டும் பார்க்காமல், அவள் ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரிகிறதா என்பதையும் கவனியுங்கள்.

களைப்பு எப்போதும் வேறுபாட்டைக் கூட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. விரைவோட்டங்களை மீண்டும் மீண்டும் ஓடவைத்துச் செய்த ஆய்வுகளிலும், கால்பந்து ஆட்டம் முடிந்ததும் தாவலை அளந்த ஆய்வுகளிலும் வேறுபாடு கூடியதாகப் பலமுறை பதிவாகியிருக்கிறது. நீண்ட தூர ஓட்டத்தை ஆராய்ந்தவற்றிலோ சில அளவுகளில் வேறுபாடு கூடியது, சிலவற்றில் குறைந்தது, பலவற்றில் மாறவே இல்லை. குறைவதற்கும் காரணம் உண்டு. வலிமையான கால் பெரும்பாலும் தன் பங்குக்கு மேல் சுமக்கிறது. எகிறவும் நிறுத்தவும் திரும்பவும் உடல் அதையே நாடுகிறது. அதனால் அந்தக் காலே முதலில் களைத்து, வலிமை குறைந்த காலின் நிலைக்கு இறங்கிவிடலாம். அப்போது இரண்டு கால்களும் சமமாகிவிட்டதுபோல எண்கள் காட்டும். அது தேர்ச்சியால் வந்த சமநிலை அன்று, இரண்டும் தளர்ந்ததால் வந்த சமநிலை. இந்தப் பக்கத்தின் எல்லாப் பதில்களிலும் நான் வற்புறுத்த விரும்புவது இதைத்தான்: இரண்டு கால்களுக்கும் இடையே உள்ள விழுக்காட்டை மட்டும் பார்க்காதீர்கள்; ஒவ்வொரு காலும் தன் பழைய அளவிலிருந்து எவ்வளவு இறங்கியது என்பதைத் தனித்தனியே பாருங்கள்.

உங்கள் மாணவிக்கு உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முழங்கால் மடங்கத் தொடங்கியதும் தாவல்களையும் திடீர்த் திருப்பங்களையும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தவறான அசைவைக் களைப்போடு நூறு முறை செய்வதால் அவள் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை, முழங்காலுக்குத்தான் கேடு.

கேள்வி: உசைன் போல்ட்டின் கால்களே சமமாக இல்லை என்று படித்தேன். உலகின் அதிவேக மனிதருக்கே அப்படியென்றால், நாம் ஏன் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?
— கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். போல்ட்டுக்கு முதுகெலும்பு வளைவு உண்டு; அவருடைய வலது கால் இடது காலைவிட அரை அங்குலம் குட்டையானது. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருடைய ஓட்டத்தின் காணொளியை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கணிப்பின்படி, அவருடைய வலது கால் இடதைவிடச் சுமார் 13 விழுக்காடு கூடுதல் உச்ச விசையோடு தரையைத் தாக்கியது. இடது கால் சுமார் 14 விழுக்காடு கூடுதல் நேரம் தரையில் இருந்தது. 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் கடந்தது இதே உடல்தான்.

வேறுபாடு இருப்பதே நோய் அன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. தொழில்முறை டென்னிஸ் வீரர்களைப் பற்றி 1977இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், மட்டையைப் பிடிக்கும் பக்கத்து மேற்கை எலும்பின் புறச்சுவர் மறுபக்கத்தைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ 35 விழுக்காடும் பெண்களுக்கு 28 விழுக்காடும் தடிமனாக இருந்தது. ஒரு விளையாட்டை ஆண்டுக்கணக்கில் ஆடும் உடல் அந்த விளையாட்டுக்கு ஏற்ப உருமாறுகிறது. அதைச் சரிசெய்யத் துடிப்பது தேவையற்ற வேலை. ஆனால் போல்ட்டின் எடுத்துக்காட்டை எல்லாவற்றுக்கும் நீட்டிவிட முடியாது. அவர் பத்து விநாடி நேராக ஓடினார். கபடியிலும் கால்பந்திலும் களைத்த நிலையில், எதிர்பாராத திசையில், ஒற்றைக் காலில் உடலை நிறுத்த வேண்டியிருக்கிறது. கவலைப்பட வேண்டியது நெடுங்காலமாக நிலைத்திருக்கும் வேறுபாட்டைப் பற்றி அன்று. புதிதாக முளைப்பதையும், களைப்பில் திடீரென்று பெருகுவதையும், வலியோடு சேர்ந்து வருவதையும் பற்றித்தான்.

கேள்வி: அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். கால் தரையை அழுத்தும் விசையை அளக்கும் விசைத் தட்டுகள் போன்ற கருவிகளை நாங்கள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அளவு நாடாவை மட்டும் வைத்துக்கொண்டு மாணவர்களின் பக்க வேறுபாட்டை அளக்க வழி உண்டா?
— உடற்கல்வி ஆசிரியர், விருத்தாசலம்

பதில்: உண்டு. நாடாவும் சுண்ணக்கட்டியும் ஒரு குறிப்பேடும் போதும்.

நொண்டித் தாவலிலிருந்து தொடங்குங்கள். பத்து நிமிடம் உடலைச் சூடாக்கிய பிறகு, மாணவர் கோட்டின் பின்னே ஒற்றைக் காலில் நின்று, இயன்ற அளவு தூரம் தாவி, அதே காலில் இறங்கி, இரண்டு விநாடியாவது ஆடாமல் நிற்க வேண்டும். தடுமாறினால் அந்தத் தாவல் கணக்கில் வராது. கோட்டிலிருந்து குதிகால் இறங்கிய இடம் வரை அளக்க வேண்டும். பழக்கத்துக்காக ஒவ்வொரு காலுக்கும் இரண்டு தாவல்களைக் கொடுத்துவிட்டு, அடுத்த மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கைகளை வீசலாமா, இடுப்பில் வைக்க வேண்டுமா என்பதை முதல் நாளே முடிவு செய்து, ஆண்டு முழுவதும் அதையே பின்பற்றுங்கள். காலணியும் தரையும் மாறக் கூடாது.

கணக்கு எளிது. கூடுதல் தூரத்திலிருந்து குறைந்த தூரத்தைக் கழித்து, கூடுதல் தூரத்தால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். வலது கால் 168 செ.மீ., இடது கால் 155 செ.மீ. தாவினால் வேறுபாடு 7.7 விழுக்காடு. இதே அளவையை வழக்கமான பயிற்சி முடிந்த உடனே மீண்டும் எடுங்கள். வலது 160, இடது 139 என்று வந்தால் வேறுபாடு 13 விழுக்காடு. இடது கால் 16 செ.மீ. இறங்கியிருக்கிறது, வலது கால் 8 செ.மீ. மட்டுமே இறங்கியிருக்கிறது. இந்த மாணவரின் இடது காலில் கவனம் தேவை.

இன்னொரு மாணவர் பயிற்சிக்கு முன் வலது 170, இடது 156 தாவுகிறார். பயிற்சிக்குப் பின் வலது 152, இடது 150. வேறுபாடு 8 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காட்டுக்குச் சுருங்கிவிட்டது. விழுக்காட்டை மட்டும் எழுதிவைத்திருந்தால் இவருக்குக் களைப்பு நன்மை செய்ததாக நினைத்துவிடுவோம். உண்மையில் வலது கால் 18 செ.மீ. இழந்திருக்கிறது, அவர் எல்லா வேலையையும் அந்தக் காலின் மேலேயே ஏற்றுகிறாரா என்று களத்தில் பார்க்க வேண்டும். அதனால்தான் குறிப்பேட்டில் விழுக்காட்டுக்கு முன்னால் நான்கு எண்களையும் தனித்தனியே எழுத வேண்டும் என்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரே காலின் மூன்று தாவல்களுக்குள்ளேயே 10 செ.மீ. ஏற்ற இறக்கம் இருந்தால், இரண்டு கால்களுக்கும் இடையே காணும் 12 செ.மீ. வேறுபாட்டை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. 10 அல்லது 15 விழுக்காட்டைத் தாண்டினால் ஆபத்து என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். எல்லா விளையாட்டுக்கும், எல்லா வயதுக்கும், எல்லாச் சோதனைக்கும் பொருந்தும் ஒற்றை எல்லைக்கோடு கிடையாது. அதே மாணவர் நொண்டித் தாவலில் வலது காலிலும், உயரத் தாவலில் இடது காலிலும் மேம்பட்டிருப்பது மிகச் சாதாரணம். ஆகவே ஒரு சோதனையை வைத்து ஒருவரை 'இடது கால் பலவீனமானவர்' என்று முத்திரை குத்தாதீர்கள். வளர்ச்சி வேகமெடுக்கும் 12 முதல் 15 வயதுக்குள் இந்த எண்கள் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இரண்டாவது சோதனை எட்டுதல். ஒற்றைக் காலில் நின்று, குதிகாலைத் தூக்காமல், மற்றக் காலின் நுனியால் முன்பக்கம் எவ்வளவு தூரம் தொட முடிகிறது என்று அளப்பது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து வீரர்களிடம் 2006இல் வெளியான ஆய்வில், முன்பக்க எட்டலில் இரண்டு கால்களுக்கும் 4 செ.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தவர்களுக்குக் காலில் காயம் ஏற்படும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது. வேறு விளையாட்டுகளில் இதே முடிவு எப்போதும் கிடைக்கவில்லை என்றாலும், தாவல் பாதுகாப்பற்றது எனத் தோன்றும் மாணவர்களுக்கு இது நல்ல மாற்று.

கேள்வி: அரை மாரத்தான் ஓடுகிறேன். என் கைக்கடிகாரம் தரையைத் தொடும் நேரத்தின் இடது–வலது பங்கைக் காட்டுகிறது. தொடக்கத்தில் 50.6 – 49.4 என்று இருப்பது 17ஆவது கிலோமீட்டரில் 51.8 – 48.2 ஆகிவிடுகிறது. பயப்பட வேண்டுமா?
— மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: ஒருமுறை வந்ததற்குப் பயப்பட வேண்டாம். தொடர்ந்து நான்கைந்து நீண்ட ஓட்டங்களில், அதே பக்கம், அதே தூரத்துக்குப் பிறகு வந்தால் கவனியுங்கள். நீங்கள் தந்த எண்களில் வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும், மேலே சொன்ன முறையில் கணக்கிட்டால் 2.4 விழுக்காடு 6.9 ஆகியிருக்கிறது.

ஆனால் உடலைக் குறைசொல்வதற்கு முன் சாலையைப் பாருங்கள். மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரத்தில் ஓடினால், போகும்போதும் வரும்போதும் உங்கள் வலது கால்தான் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு மணி நேரம் அப்படி ஓடினால் எந்த உடலும் ஒரு பக்கம் சாயும். பாதுகாப்புக்காக அந்த ஓரத்தை விடச் சொல்ல மாட்டேன். வாரத்தில் ஓர் ஓட்டத்தையாவது சமமான பூங்காப் பாதையிலோ மைதானத்திலோ ஓடி, அங்கும் இந்த எண் மாறுகிறதா என்று ஒப்பிடுங்கள். மைதானத்தின் ஓடுபாதையில் எல்லாரும் இடப்பக்கமாகவே வளைகிறார்கள் என்பதால், கூட்டம் இல்லாத நேரத்தில், மெதுவான ஓட்டத்தில், எதிர்த்திசையிலும் சில சுற்றுகள் ஓடுங்கள். சம தரையிலும் மாற்றம் அப்படியே வந்தால், கூடுதல் நேரம் தரையில் தங்கும் காலின் கெண்டைத் தசையைச் சோதியுங்கள். ஒற்றைக் காலில் நுனிவிரலில் எழும்பி இறங்குவதை இரு பக்கமும் எத்தனை முறை செய்ய முடிகிறது என்று எண்ணிப் பார்ப்பதே போதுமான தொடக்கம்.

கேள்வி: கடலோரக் கிராமத்துக் கால்பந்து அணியில் ஆடுகிறேன். முழங்காலில் எலும்புகளை இணைக்கும் தசைநாரான ஏ.சி.எல். கிழிந்து அறுவை சிகிச்சை செய்து எட்டு மாதங்கள் ஆகின்றன. நொண்டித் தாவலில் அறுவை செய்த கால் மற்றக் காலின் 93 விழுக்காட்டை எட்டிவிட்டது. 90 தாண்டினால் ஆடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அடுத்த மாதம் போட்டி. ஆடலாமா?
— கால்பந்து வீரர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: தம்பி, அந்த 93ஐ மட்டும் நம்பிக் களத்தில் இறங்காதீர்கள். இதற்குக் காரணங்களை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்த இடத்தில்தான் களைப்பும் பக்க வேறுபாடும் சேர்ந்து ஒரு விளையாட்டு வாழ்க்கையையே முடித்துவிடக்கூடும்.

சுவீடன் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உங்களுக்காகவே செய்ததுபோல இருக்கிறது. ஏ.சி.எல். அறுவை சிகிச்சை முடிந்து ஏறத்தாழ 11 மாதங்கள் ஆன 19 ஆண்களை அழைத்து, களைப்பில்லாத நிலையில் நொண்டித் தாவலை அளந்தார்கள். 19 பேரும் 90 விழுக்காட்டுக்கு மேல் எடுத்துத் தேறினார்கள். பிறகு முழங்காலை நீட்டும் எடைப் பயிற்சியால் தொடையின் முன்தசையைக் களைக்கச் செய்து, மீண்டும் தாவச் சொன்னார்கள். இப்போது 68 விழுக்காட்டினர், அதாவது மூவரில் இருவர், 90க்குக் கீழே போய்விட்டார்கள். களைப்பு அவர்களிடம் புதிய குறையை உண்டாக்கவில்லை. ஓய்வான உடல் மறைத்துவைத்திருந்த குறையை வெளியே கொண்டுவந்தது. மருத்துவமனையில் காலை நேரத்தில், ஓய்வெடுத்த உடலோடு செய்த சோதனை, ஆட்டத்தின் 80ஆவது நிமிடத்தில் உங்கள் கால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லாது.

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1997 முதல் 1999 வரையிலான இரண்டு பருவங்களில் தொழில்முறை வீரர்களின் காயங்களைத் தொகுத்தபோது, ஆட்டத்தில் ஏற்பட்ட தொடைப் பின்தசைக் காயங்களில் ஏறத்தாழ பாதி, ஒவ்வொரு பாதி ஆட்டத்தின் கடைசி மூன்றிலொரு பங்கு நேரத்தில் நிகழ்ந்திருப்பது தெரியவந்தது. அது வேறு வகைக் காயம்தான். ஆயினும் கால்பந்தில் ஆட்டநேரம் ஏற ஏறக் கால் எவ்வளவு பாதுகாப்பற்றதாகிறது என்பதை அது காட்டுகிறது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முன்னே நழுவுவதைத் தடுத்து, ஏ.சி.எல். மேல் விழும் சுமையைப் பகிர்ந்துகொள்வது அதே பின்தசைதான்.

93 என்ற எண்ணிலும் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, எட்டு மாதம் ஆட்டமே இல்லாததால் உங்கள் நல்ல காலும் வலிமை இழந்திருக்கும். இறங்கிப்போன காலோடு ஒப்பிட்டால் எந்தக் காலும் நன்றாகவே தெரியும். காயத்துக்கு முன் எடுத்த அளவு இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். இரண்டாவது, தாவும் தூரத்தை இடுப்பும் கணுக்காலும் சேர்ந்து ஈடுசெய்துவிட முடியும். முழங்கால் தன் பங்கைச் செய்யாமலேயே நாடாவில் தூரம் வந்துவிடும். அதனால் தொடை முன்தசையின் வலிமையை உரிய கருவியில் தனியே அளந்தாக வேண்டும்.

காலக் கணக்கையும் பாருங்கள். நார்வேயிலும் அமெரிக்காவிலும் சேர்ந்து நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதங்கள் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிவைத்த ஒவ்வொரு மாதமும் முழங்கால் மீண்டும் காயமடையும் விகிதத்தை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. ஒன்பது மாதத்தைக் குறைந்தபட்ச எல்லையாகப் பலரும் வைப்பது இதனால்தான். ஒன்பது மாதம் நிறைவதால் மட்டும் ஆடத் தகுதி வந்துவிடாது.

உங்கள் அறுவை சிகிச்சை நிபுணரிடமும் இயன்முறை மருத்துவரிடமும், ஓய்வான நிலையில் செய்யும் எல்லாச் சோதனைகளிலும் தேறிய பிறகு, களைத்த நிலையிலும் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். அதை அவர்கள் கண்முன்னே மட்டும் செய்யுங்கள். கடற்கரையில் நண்பர்களோடு நீங்களாகச் செய்து பார்க்கக் கூடாது. அதில் தேறிய பின்னரும் முதலில் முழுப் பயிற்சி, பிறகு இருபது நிமிட ஆட்டம், பிறகு ஒரு பாதி என்று ஏறுங்கள். ஊரின் கோப்பைக்காகத் துடிக்கும் மனத்தை நன்றாகவே அறிவேன். இந்த ஆண்டுக் கோப்பை போனால் அடுத்த ஆண்டு உண்டு. இரண்டாம் முறை கிழிந்த முழங்காலுக்கு அந்த உறுதியை யாரும் தர முடியாது.

கேள்வி: பதினைந்து வயது மகன் வலது கை வேகப்பந்து வீச்சாளன். இரண்டு மாதமாகக் கீழ்முதுகின் இடப்பக்கத்தில் வலி. பந்து வீசுவது வலது கை, வலி இடப்பக்கம் என்பதால் தசைப்பிடிப்பு என்று விட்டுவிட்டோம். சரியா?
— ஒரு தாய், சேலம்

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள் அம்மா. இந்த வாரமே எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பாருங்கள்.

வலது கை வீச்சாளருக்கு இடப்பக்கம் வலிப்பது வழக்கத்துக்கு மாறானதன்று. அதுவே கவனிக்க வேண்டிய அடையாளம். பந்தை விடும் கணத்தில் இடது கால் தரையில் ஊன்றி, உடல் எடையைப்போல 5 மடங்குக்கும் மேற்பட்ட விசையைத் தாங்குகிறது. அதே கணத்தில் முதுகு பின்சாய்ந்து, இடப்பக்கம் வளைந்து, திரும்புகிறது. இந்த மூன்றும் கீழ் முதுகெலும்பின் இடப்பக்கப் பின்பகுதியில் குவிகின்றன. அதனால் வேகப்பந்து வீச்சாளர்களின் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் உண்டாகும் விரிசல், பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில்தான் வருகிறது. எலும்பு முழுதாக முற்றாத பதின்ம வயதினருக்கு ஆபத்து மேலும் அதிகம். தொடக்க நிலையை எக்ஸ்ரே காட்டாமல் விடலாம், எம்.ஆர்.ஐ. காட்டும். பின்பக்கம் சாயும்போது வலி கூடுகிறதா என்று மகனிடம் கேளுங்கள். மருத்துவர் பார்க்கும் வரை பந்து வீச வேண்டாம்.

களைப்பின் பங்கு இங்கே மிகத் தெளிவானது. நீண்ட நேரம் தொடர்ந்து வீசும்போது சில வீச்சாளர்களின் தோள்பட்டைத் திருப்பம் ஓவருக்கு ஓவர் கூடுவது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. கால் தளர்ந்த பிறகு வேகத்தை முதுகிலிருந்து எடுக்க உடல் முயல்கிறது. ஏற்கெனவே ஒரு பக்கமாகச் சுமையேறும் முதுகுக்கு, ஆறாவது ஓவர் முதல் ஓவரைப் போன்றதன்று. 14, 15 வயதினர் ஒரே தொடராக 6 ஓவருக்கும், ஒரு நாளில் 12 ஓவருக்கும் மேல் வீசக் கூடாது என்று இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நெறிமுறை வகுத்தது இதனால்தான். வலைப்பயிற்சியில் வீசும் பந்துகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் ஊரில் பள்ளி அணி, அகாடமி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்று மூன்று இடத்திலும் ஒரே பையன் வீசுகிறான். மூன்று பயிற்சியாளர்களுக்கும் மற்ற இரண்டு இடத்துக் கணக்கு தெரியாது. அந்தக் குறிப்பேட்டை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும்.

இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஜஸ்பிரித் பும்ராவுக்கு 2019இல் கீழ்முதுகில் அழுத்த முறிவு ஏற்பட்டது. 2022இல் முதுகுக் காயத்தால் டி20 உலகக் கோப்பையைத் தவறவிட்டு, 2023இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அதே ஆண்டில் மீண்டும் ஆட வந்தார். உங்களை அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உரிய நேரத்தில் கண்டறிந்து ஓய்வு கொடுத்தால் பதின்ம வயது எலும்பு பெரும்பாலும் நன்றாகவே ஆறும். மகன் மீண்டும் வீசுவான்.

கேள்வி: கரப்பந்தாட்ட வீரன். எகிறி அடித்துவிட்டு எப்போதும் இடது காலிலேயே இறங்குகிறேன். வலது கால் பலவீனமாக இருக்கிறது. பலவீனமான காலுக்கு மட்டும் பயிற்சி செய்யலாமா? அதைப் பயிற்சியின் இறுதியில், களைத்த பிறகு செய்தால் நல்லது என்கிறார்கள்.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வலது கையால் அடிப்பவர்கள் இடது காலில் முதலில் இறங்குவது உலகெங்கும் காணப்படும் வழக்கம்தான். எனவே உங்கள் இடது முழங்காலின் முன்பக்கத் தசைநாணில் வலி வருகிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். வருகிறதென்றால், தளர்ந்த வலது காலைவிட, இடைவிடாமல் சுமக்கும் இடது காலுக்கு ஓய்வு தருவதே முதல் வேலை. இரண்டு கால்களிலும் சேர்ந்து இறங்கும் பழக்கத்தைத் தாழ்வான தாவல்களில் தொடங்கிப் பழகுங்கள்.

வலிமைப் பயிற்சியை வலது காலுக்கு மட்டும் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள், ஒரு காலைப் பின்னால் உயர்த்தி வைத்து உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் நின்று முன்னே குனிந்து எடை தூக்குவது, படியில் ஏறி மெதுவாக இறங்குவது, நுனிவிரலில் எழும்புவது ஆகியவற்றைச் செய்யுங்கள். எப்போதும் வலது காலில் தொடங்குங்கள். அது எத்தனை முறை ஒழுங்காகச் செய்கிறதோ அத்தனை முறை மட்டுமே இடது காலும் செய்யட்டும். வலது காலுக்கு ஒரு சுற்று கூடுதலாகச் சேர்க்கலாம். எட்டு வாரத்துக்கு முன் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள்.

களைத்த பிறகு செய்வது பற்றிய அறிவுரையில் பாதிதான் சரி. வலிமையைக் கூட்டும் கனமான பயிற்சிகள் உடல் புத்துணர்வோடு இருக்கும்போதே நடக்க வேண்டும், ஏனெனில் களைத்த தசை தன் முழு விசையைத் தராது. தராத விசையைப் பயிற்றுவிக்க முடியாது. களைத்த நிலையில் பழக வேண்டியது கட்டுப்பாட்டை. ஆட்டப்பயிற்சி முடிந்ததும் ஐந்து நிமிடம், எடையின்றி, சிறிய உயரத்திலிருந்து ஒற்றைக் காலில் இறங்கி, முழங்கால் பாதவிரல்களின் நேரே நிற்கிறதா என்று பார்த்தபடி ஒவ்வொரு காலுக்கும் எட்டுப் பத்து முறை செய்யுங்கள். முழங்கால் உள்ளே சரியத் தொடங்கினால் அன்றைக்கு அதோடு முடித்துக்கொள்ளுங்கள். கடுமையான போட்டிக்குப் பிறகு கால்களின் திறன் பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு, மூன்று நாட்கள் பிடிக்கும். போட்டிக்கு மறுநாள் காலை எடுத்த அளவைப் பார்த்து 'வலது கால் இன்னும் மோசமாகிவிட்டது' என்று முடிவு செய்யாமல், மூன்றாம் நாள் மீண்டும் அளந்து பாருங்கள்.